சுத்தமான சத்தம்

கிட்டாரின் கம்பிகள் ஆறையும் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்த பிறகும், அதன் ஒலியைப் பெரிதாக்கும் ஆம்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல். பெரிதாக ஒன்றுமில்லை; வெற்றிலைச் சாறு புரைக்கேறியவர் ஓரமாகத் திரும்பி மெல்லச் செருமுவாரே, அந்த அளவுதான்.

புவனேந்திரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது அந்த வாத்தியக் கடை. கீழிருந்து பணிஸ் வேகும் வாசம் வந்துகொண்டிருந்தது. அவனையும் கடைக்காரர் றிஸாத்தையும் தவிர உள்ளே யாரும் இல்லை. றிஸாத் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"றிஸாத் நானா, இப்ப இருமினீங்களா?"

"நானோ? இல்லியே." அவர் எழுந்து வந்து கிட்டாரின் வயிற்றில் விரலால் தட்டினார். ஆம்பில் அது யாரோ கதவைத் தட்டுவது மாதிரிக் கேட்டது. "கேட்டீங்களா? ஒங்கட கிட்டார்ட பிக்அப் பழசு தம்பி. பழைய பிக்அப் கம்பிய மட்டும் கேக்காது, கிட்ட நிண்டு மூச்சு விட்டா அதயும் கேக்கும். பழைய ஆம்ப்ல அதெல்லாம் கரகரப்புல அமுங்கிப் பெய்த்திருக்கும். இது கிளீன். இதுட்ட ஒண்டும் ஒளிக்க ஏலா."

"எவ்வளவு கிட்ட நின்னா கேக்கும்?"

"ஒரு முழத்துக்குள்ள."

இருமல் கேட்டபோது அவனுக்கு ஒரு முழத்துக்குள் யாருமே இருக்கவில்லை. ஆனால் கடையில் நின்று அதைப் பற்றி வாதாடுவது அசட்டுத்தனமாகப் பட்டது. அவன் ஆம்ப் வாங்க வந்தவன்.

காலையிலிருந்து மூன்றைப் பார்த்துவிட்டான். முதலாவது அவன் இடுப்பு உயரம். குரல் மட்டும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது. "ஆள் பெருசு தம்பி, தொண்டதான் சரியில்ல" என்று றிஸாத்தே ஒப்புக்கொண்டார். இரண்டாவதில் பொத்தானை அமுக்கினால் கோயில், குகை, கிணறு என்று எல்லா எதிரொலியும் வந்தது. கிட்டார் சத்தம்தான் வரவில்லை. மூன்றாவது இது. பழுப்புத் துணி போர்த்திய சின்ன மரப்பெட்டி. கொழும்பில் ஒரு ஹோட்டல் பேண்ட் கலைந்தபோது கைமாறி வந்தது. பின்பக்கம் குனிந்து பார்த்தால் கண்ணாடிக் குழாய்கள் தணல் நிறத்தில் எரிந்தன. சுவிட்சைப் போட்டால் போட்டதே தெரியவில்லை. ஒரு இரைச்சல் கிடையாது. வால்யூமை எவ்வளவு கூட்டினாலும் குரல் உடையாமல், சுத்தமாக, பீலிக் குழாயிலிருந்து ஊற்றுத் தண்ணீர் விழுவது மாதிரி நின்றது.

பழைய ஆம்ப் இப்படி இல்லை. அது கோயில் மைக்செட்காரர் வேண்டாமென்று கழித்துப் போட்டது. போட்டவுடனே உறுமும். கிட்டாரைத் தொட்டால் கரகரவென்று காறித் துப்பும். சிறுவனாக இருந்தபோது அதைத் தூக்கிவந்த நாளிலிருந்து அந்த இரைச்சலுக்கு அவன் வீட்டில் ஒரு வேலை இருந்தது.

தெமோதரைக்கு மேலே இருக்கும் அவர்கள் தோட்டத்து லயத்தில் சுவர்கள் கூரை வரை போவதில்லை. வரிசை முழுவதற்கும் ஒரே தகரக் கூரை. ஒரு காம்பராவில் சட்டி விழுந்தால் கடைசிக் காம்பராவில் குழந்தை விழித்துக்கொள்ளும். அதனால் லயத்துக்கென்று ஒரு மரியாதை உண்டு. ஒரு வீட்டில் அடி விழும்போது பக்கத்து வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவன் அம்மா ரெங்கம்மா ரோசக்காரி. அந்தச் சிரமத்தைக்கூட அவள் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவில்லை. அப்பா பொன்னையா கதவைச் சாத்தும்போதே மகனைத் திரும்பிப் பார்த்துச் சொல்வாள்: "சத்தமா வைடா."

அவன் வைப்பான். ஆம்ப் இரையும். அந்த இரைச்சலுக்குள் எங்கேயோ அம்மா இருப்பாள். எல்லாம் முடிந்ததும் அப்பா வாசல் திண்ணையான இஸ்தோப்பின் படியில் போய் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதவர் மாதிரி கவ்வாத்துக் கத்தியைத் தீட்டத் தொடங்குவார். தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டி இறக்கும் கத்தி அது. முன்னால் வளைந்து, ஒரே வீச்சில் கட்டைவிரல் தடிமன் கிளையைச் சீவும். சர்க், சர்க் என்று அது கல்லில் இழுபடும் சத்தம் கேட்டால்தான் ஆம்பை நிறுத்தலாம் என்று அவனுக்குத் தெரியும்.

பொன்னையா செத்து இது மூன்றாவது மாசி. மழையில் கவ்வாத்து மலையில் வழுக்கித் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தார்; கழுத்து கையிலிருந்த கத்தியின் மேலேயே போய் இறங்கியது. அடக்கம் முடிந்த இரவு அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாள். அவள் குறட்டை விடுவாள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய ஆம்ப் போன மாதம் புகைந்து செத்தபோது அவனுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. இனி வீட்டில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. சுத்தமான சத்தம் ஒன்று இருந்தால் போதும்.

கிளீன் டோனைப் பார்க்க வேகமாக வாசித்துப் பயனில்லை. ஒரு சுரத்தை விட்டுவிட்டு, அது தேய்ந்து சாகும் வரை காத்திருந்து கேட்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த பாட்டுகளில் அப்படி நின்று நின்று போவது ஒன்றுதான். எழுப்புப் பாட்டு.

மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். சிவன் கண்ணைத் திறந்ததும் காமன் வேஷம் கட்டியவர் எரிந்துபோனவராகக் கீழே விழுவார். தப்பு மேளம் அடிப்பது நிற்கும். அவரை வெள்ளை வேட்டியால் மூடுவார்கள். ரதி தலைமாட்டில் உட்கார்ந்து அழுவாள். கடைசியில் எழுப்புப் பாட்டை வாசிக்க, வேட்டிக்குள் கிடப்பவர் எழுந்து உட்காருவார். முன்பு அதைக் குழலில் வாசித்தார்கள். குழல்காரர் கொழும்புக்குப் போன பிறகு புவனேந்திரனின் கிட்டாரில். போன வருடம் ஆம்பின் இரைச்சலில் பாட்டு அமுங்கி, கூட்டம் சிரித்துவிட்டது. புது ஆம்ப் பார்க்க வந்ததே அதற்காகத்தான்.

அந்தப் பாட்டுக்கு ஒரு கட்டு உண்டு. பாட்டுக்கு ஆள் காட்ட வேண்டும். ஒத்திகையில்கூட யாராவது ஒருவர் தரையில் படுத்து வேட்டியை இழுத்து மூடிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் முதல் சுரம். ஆள் கிடக்காத இடத்தில் வாசித்தால், கிடக்கிற ஆளைப் பாட்டே தேடிப் போகும் என்பார்கள். புவனேந்திரனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் இது பதுளை டவுன், பட்டப்பகல், கீழே பேக்கரி. றிஸாத் நானாவைத் தரையில் படுக்கச் சொல்லவா முடியும்? அவன் சிரித்துக்கொண்டே வாசித்தான். கடைசிச் சுரம் தேய்ந்து தேய்ந்து போனது; அவன் கம்பிகளை அமுக்கினான். அப்போதுதான் அந்த இருமல்.

மூன்றாவது ஆம்பையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

தோட்டத்துச் சந்தியில் இறங்கியபோது மூடுபனி இறங்கியிருந்தது. பொழுது சாய இன்னும் நேரமிருந்தும் லயத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். கோயில் மைதானத்தில் அன்று காமன் நடுவது; கூத்துத் தொடங்கும் நாள். வரிசையில் பாதிப் பேர் ஏற்கனவே போய்விட்டார்கள். பக்கத்துக் காம்பரா சுபாஜினி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ போகலியா?" என்று கேட்டான்.

"இவளுக்குத் தடுமல் அண்ணே. பனியில எப்பிடிக் கொண்டு போறது? அதான் புதுப் பொட்டியா? இனியாச்சும் எங்க காது பொழைக்குமா?"

"பொழைக்கும், பொழைக்கும். சுத்தமா கேக்கும்."

இஸ்தோப்புப் படியில் கால் வைத்தபோது வழுக்கியது. குனிந்து பார்த்தான். படியோரத்துத் தீட்டுக் கல் நனைந்திருந்தது. மூன்று வருடமாகப் பாசி பிடித்துக் கிடந்த கல். இப்போது அதன் முதுகு மழிந்து, சாம்பல் நிறக் குழம்பு படி வழியாக வழிந்திருந்தது. யாரோ புல்லறுக்கும் கத்தியைத் தீட்டியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கல்லைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போனான்.

ரெங்கம்மா மலையிலிருந்து வந்து குளித்து, தலைமுடியைத் துண்டில் சுற்றியிருந்தாள். ஆம்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சேலைத் தலைப்பால் அதன் மேலிருந்த பனி ஈரத்தைத் துடைத்தாள். பால் கலக்காத சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி துடைத்தாள்.

"நல்லா வாசிச்சுப் பாத்தியா? ஏமாத்திருவானுங்க."

"பாத்தேன்மா. எழுப்பு பாட்டே வாசிச்சுப் பாத்தேன்."

அவள் கை துடைப்பதை நிறுத்தியது.

"யாருடா கெடந்தா அங்க?"

"கடையில யாரும்மா கெடப்பா? டவுனும்மா அது."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இன்னைக்கிச் சோத்து நேரம் முடிஞ்சு மயானத்துப் பக்கத்து மலையிலதான் கொழுந்து. அப்பா தலமாட்டுல வச்ச பூங்கன்னு சாஞ்சு கெடந்துச்சு. மண்ணு வெளிய கெடந்துச்சு. பன்னி கிண்டியிருக்குன்னு கங்காணி சொன்னாரு. பன்னி மேலருந்துல்ல கிண்டும்?"

சோற்று நேரம் முடிந்த பொழுது. அவன் கடையில் சிரித்துக்கொண்டே வாசித்த பொழுது.

"அவருதாண்டா வருசா வருசம் காமன் கட்டுனாரு" என்றாள் ரெங்கம்மா. "அந்தப் பாட்டுக்கு எந்திரிச்சு எந்திரிச்சுப் பழகுன ஒடம்பு. வேலியில போன ஓணானப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுட்டியே, தம்பி."

அதை மறந்தா போனான்? காமன் வேஷத்துக்கு விரதம் இருக்க வேண்டும். குடிக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது. வருடத்தில் அந்த மாசி ஒன்றுதான் அம்மாவின் உடம்பு ஆறும் மாதம். வேட்டிக்குள்ளிருந்து எழுந்து வரும் அப்பாவைப் பார்த்து ஊரே கும்பிடும். அவனும் கும்பிட்டிருக்கிறான். சாகும்போது அந்த வேட்டியோடுதான் புதைக்க வேண்டும் என்று அவர் சொல்லி வைத்திருந்தார், அப்படியே புதைத்தார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றான். அம்மாவுக்காகச் சொன்னான். சொன்னதை நிரூபிக்க ஆம்பைச் சுவரோரம் வைத்து, வயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டான். கம்பிகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வால்யூமைக் கூட்டினான்.

ஒன்றுமில்லை. கண்ணாடி மாதிரி மௌனம். கோயில் மைதானத்திலிருந்து தப்புச் சத்தம் மெல்ல வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சுபாஜினி குழந்தைக்கு ராரோ பாடிக்கொண்டிருந்தாள். தகரத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டியது. மண்ணெண்ணெய் வாசமும் ஈர விறகு வாசமும் எப்போதும் போலத்தான் இருந்தன. அவன் மூச்சை வெளியே விட்டான். அதையும் ஆம்ப் பெரிதாக்கிச் சொன்னது.

பிறகு, மிக மெல்ல, ஆம்புக்குள்: சர்க்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

சர்க். சர்க்.

வெளியே அந்தச் சத்தம் இல்லை. ஆம்பில்தான் இருந்தது. புவனேந்திரன் கிட்டாரைக் கழுத்தில் மாட்டியபடியே எழுந்தான். தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மாவின் பக்கம் நீட்டினான். அவள் வளையலும் அவள் மூச்சும் கேட்டன. குசினிப் பக்கம் நீட்டினான். அடுப்பில் தணல் வெடிப்பது கேட்டது. முன்கதவுப் பக்கம் வயர் இழுபடும் மட்டும் போனான். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கூடியது. கிட்டாரின் வயிறு கதவுப் பலகையில் பட்டபோது கத்தி கல்லில் இழுபடுவதும், கல்லில் தண்ணீர் தெளிப்பதும், தெளித்த கையை வேட்டியில் துடைப்பதும் தெளிவாக, தனித்தனியாகக் கேட்டன.

ஒரு முழத்துக்குள்.

அவன் அண்ணாந்து பார்த்தான். கூரையின் வளை மரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே, அப்பா செத்த பிறகு அம்மா சொருகி வைத்திருந்த அவருடைய கவ்வாத்துக் கத்தி அங்கே இல்லை. துருவின் அடையாளம் மட்டும் வளையில் வளைந்து கிடந்தது.

"பின்னால" என்றாள் அம்மா, உதட்டை மட்டும் அசைத்து. "கோயிலுக்குப் போயிருவோம். சனம் இருக்கு."

அவள் குசினிக்குள் நுழைந்தாள். அவன் கிட்டாரைக் கழற்றி ஆம்பின் மேல் சாய்த்தான். சாய்த்த வேகத்தில் கம்பிகள் ஒருமுறை அதிர்ந்து அடங்கின.

தீட்டும் சத்தம் நின்றது.

பழைய ஆம்பாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு இரைச்சல் இருந்திருக்கும். ஏதாவது இருந்திருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. அவனுக்கு அந்தக் கிழட்டு ஆம்பின் உறுமலைக் கேட்க வேண்டும் போல அழுகை வந்தது.

குசினிக் கதவின் கொண்டி விழும் சத்தம். அம்மா திறந்துவிட்டாள்.

இருமல்.

இந்த முறை ஆம்பிலிருந்து இல்லை.

"அம்மா!"

அவள் பின்னடி வைத்து வந்தாள். அவளுக்குப் பின்னால் குசினி வாசலை அடைத்துக்கொண்டு வேட்டி ஒன்று நின்றது. தலையிலிருந்து கால் வரை வேட்டி. வெள்ளையாக இருந்தது இப்போது சிவப்பு மண் நிறம். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அது உள்ளே மடங்கியிருந்தது. தேயிலை வேர்கள் துணியைத் துளைத்து வெளியே தொங்கின. ஈர மண் வாசம். அதற்கு அடியில் வெற்றிலை வாசம். வேட்டியின் விளிம்பிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அந்தக் கையில் தீட்டிய கத்தி பளிச்சென்று இருந்தது.

"சுபாஜினி! ஏய் சுபாஜினி! ஆள் கூப்புடு!" என்று புவனேந்திரன் கத்தினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராரோ நின்றது. ஒரு கணம். பிறகு டிவி சத்தம் கூடியது. இன்னும் கூடியது.

லயத்து மரியாதை.

முதல் வெட்டு அம்மாவின் தோளில் விழுந்தது. கிளையைச் சீவும் அதே வீச்சு, அவசரமில்லை, கோபமில்லை. அவள் அலறவில்லை. பழக்கம். சுவரைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் சேலையில் இறங்க இறங்க, மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமலே அவள் வாய் அதைச் சொன்னது.

"சத்தமா வைடா."

அவன் கை போனது. அதை நினைத்தால் அவனுக்கு அவனையே வெட்டிப் போடலாம் போல இருந்தது; ஆனால் போனது. அம்மாவைப் பிடிக்கப் போகாமல், கத்தியைப் பிடிக்கப் போகாமல், கை வால்யூமுக்குப் போய் அதைக் கடைசி வரை திருகியது.

இரைச்சல் வரவில்லை. இது சுத்தமான ஆம்ப். பெட்டியின் மேல் சாய்ந்திருந்த கிட்டாரின் மேலேயே அம்மா விழுந்தாள். இரண்டாவது வெட்டு கழுத்தில் விழுவது கேட்டது. எலும்பில் கத்தி நிற்பதும், கத்தியை அசைத்து இழுப்பதும் கேட்டன. வளையல் உடைந்து ஒவ்வொரு துண்டாகத் தரையில் உருண்டது. அவள் நெஞ்சு ஒரு மூச்சை இழுத்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் திணறியது. எல்லாம் அந்த அறையின் அளவுக்குப் பெரிதாக, துளி பிசிறில்லாமல். இத்தனை வருடமும் இரைச்சலுக்குள் நடந்தது இதுதான். இப்போதுதான் முதல் முறை கேட்கிறான்.

அவன் சுவரோரம் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். வேட்டியின் தலையில் பலம் கொண்ட மட்டும் இறக்கினான். தலை உள்ளே போனது. ஈர மண்ணும் புழுவும் வேரும் வேட்டி வழியாகக் கொட்டின. கை நிற்கவில்லை. மறுபடி அடித்தான். மறுபடி. கத்தி திரும்பியது. இடது கையில் ஏதோ குளிர்ந்தது. பார்த்தான். சுண்டு விரலும் மோதிர விரலும் தரையில் கிடந்தன. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அவன் சுவரோரம் சரிந்தான்.

அம்மா அசையவில்லை.

வேட்டி கத்தியை ஒருமுறை உதறியது. அவனைத் தாண்டி நடந்தது. முன்கதவைத் திறந்தது. இஸ்தோப்புப் படியில், எப்போதும் உட்காரும் இடத்தில், எப்போதும் போல உட்கார்ந்தது.

சர்க். சர்க்.

புவனேந்திரன் தவழ்ந்து போனான். அம்மாவின் தலையை மடியில் எடுத்தான். துண்டு அவிழ்ந்து ஈர முடி அவன் கையெல்லாம் ஒட்டியது. கண் திறந்திருந்தது. அம்மா, அம்மா என்று எவ்வளவு கூப்பிட்டாலும் அந்தக் கண் அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. அவள் தூங்க ஆரம்பித்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அவளுக்குக் கிடைத்ததே அவ்வளவுதான். அதையும் அவன் ஒரு கடைச் சிரிப்பில் வாசித்துத் தொலைத்துவிட்டான். அவன் வாய்விட்டு அழுதான். சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அது தோன்றியது.

பாட்டுக்கு ஆள் காட்ட வேண்டும். இதோ ஆள் கிடக்கிறது.

மலையில் மண்ணுக்குள் மூன்று வருடம் கிடந்ததை, பதுளையிலிருந்து எழுப்பிய பாட்டு. ஒரு முழத்துக்குள் கிடக்கிற அம்மாவை எழுப்பாதா? அவனுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஒரு எண்ணம் மட்டும் விளக்கு மாதிரி எரிந்தது. கூத்துக்காக வெளுத்து மடித்து வைத்திருந்த தன் வேட்டியைக் கட்டிலிலிருந்து இழுத்தான். அம்மாவைக் கிடத்தி, காலிலிருந்து தலை வரை மூடினான். முகத்தை மூடும்போது நெற்றியில் முத்தம் கொடுத்தான். வெள்ளைத் துணியில் சிவப்பு மெல்லப் பூத்தது.

கிட்டாரை எடுத்தான். கம்பிகள் ரத்தத்தில் பிசுபிசுத்தன. இடது கையில் கட்டைவிரலைத் தவிர இரண்டு விரல் மிச்சம். எழுப்புப் பாட்டுக்கு அது போதும். அது நின்று நின்று போகிற பாட்டு.

முதல் சுரம்.

அது போய்த் தகரத்தைத் தொட்டு, லயத்தின் நீளத்துக்கும் ஓடியது. இவ்வளவு அழகாக அவன் ஒருநாளும் வாசித்ததில்லை. கோயில் மைதானத்தில் தப்புச் சத்தம் நின்றது. அங்கே கேட்டுவிட்டது. யாரோ சந்தோஷத்தில் விசிலடித்தார்கள்; புது ஆம்ப் வந்துவிட்டது என்று புரிந்திருக்கும்.

இரண்டாவது. மூன்றாவது. கடைசிச் சுரத்தை விட்டுவிட்டுக் காத்திருந்தான். அது தேய்ந்தது. தேய்ந்தது. அதன் அடியில், ஒரு முழத்துக்குள், ஒரு மூச்சு.

வேட்டி அசைந்தது.

"அம்மா" என்றான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "அம்மா, எந்திரிம்மா."

வேட்டி எழுந்து உட்கார்ந்தது. துணிக்குள் அவள் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கை ஒன்று அதைப் பிடித்து நேராக வைத்தது. அவன் மறுபடி முதல் சுரத்தைத் தொட்டான். வாசிக்கும் வரைதான் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. விரல் நின்றால் சாய்ந்துவிடுவாள். அதனால் வாசித்தான்.

இஸ்தோப்பில் கத்தி தீட்டுவது நின்றது.

அந்தப் பாட்டுக்கு எழுந்து எழுந்து பழகிய உடம்பு. படியிலிருந்து அதுவும் எழுந்தது. உள்ளே வந்தது. அவசரமில்லாமல் கதவைச் சாத்தியது.

கதவு சாத்தும் சத்தத்துக்கு அம்மாவின் வேட்டி மெல்ல அவன் பக்கம் திரும்பியது. வெட்டுப்பட்ட தொண்டையிலிருந்து வந்த குரலை ஆம்ப் ஒரு பிசிறும் இல்லாமல் எடுத்துச் சொன்னது.

"சத்தமா வைடா, தம்பி."